பிஎச்கியூ-9: ஒற்றைத்தாள் மனச்சோர்வு அளவுகோல், களத்துக்கு எடுத்துப் போகலாமா?

மனச்சோர்வை அளக்க ஒரு படிவம் வேண்டும். கையில் காசு குறைவு, குழுவில் மனநல மருத்துவர் இல்லை, களப்பணியாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சிக்கு மேல் கொடுக்க வழியில்லை. சமூக நல ஆய்வில் இறங்குகிற பல குழுக்களின் நிலை இதுதான். கடைசியில் எல்லோரும் போய் நிற்கிற இடம் பிஎச்கியூ-9 (PHQ-9) என்ற நோயாளி உடல்நலக் கேள்வித்தாள். ஒன்பது கேள்வி, ஒரு தாள். எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) மாணவரின் ஆய்வேட்டிலும் இதே தாள், லான்செட் மருத்துவ இதழில் வெளியாகிற மருத்துவச் சோதனையிலும் இதே தாள். பொருள் தரமானதுதான். அது கெடுவதெல்லாம் கேட்கிற விதத்திலும், வந்த எண்ணைப் படிக்கிற விதத்திலும். சாவு எண்ணம் வந்ததா என்று கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு எந்த ஏற்பாடும் இல்லாமல் ஊருக்குள் போவது மட்டும் வேறு ரகம். அங்கே கெடுவது ஆய்வு அல்ல, ஆள்.

முதலில் விலை. முற்றிலும் இலவசம். ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் குரோன்கே ஆகியோர் ஃபைசர் நிறுவனத்தின் நிதியுதவியோடு உருவாக்கியது. 1999-இல் வந்த நீளமான கேள்வித்தாளில் இருந்து மனச்சோர்வுப் பகுதியைத் தனியே எடுத்துச் சோதித்து 2001-இல் வெளியிட்டார்கள். நகலெடுக்க, அச்சிட, மொழிபெயர்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தமிழ் வடிவமும் உண்டு. இன்னொரு மனச்சோர்வுத் தாளான பெக் அளவுகோலின் இரண்டாம் பதிப்புக்குப் படிவக் கணக்கில் காசு கட்ட வேண்டும். ஹாமில்டன் அளவுகோல் 1960-இல் இருந்து புழக்கத்தில் இருக்கிறது, ஆனால் பயிற்சி பெற்ற மருத்துவர் உட்கார்ந்து மதிப்பிட வேண்டிய கருவி அது. கிராம சுகாதார செவிலியர் கையில் கொடுத்தால் எண் வரும், அந்த எண்ணுக்குப் பொருள் இருக்காது.

தாளில் இருப்பது இவ்வளவே. கடந்த இரண்டு வாரத்தில் ஆர்வக் குறைவு, மனம் தளர்தல், தூக்கம், களைப்பு, பசி, தன்னைத் தாழ்வாக நினைத்தல், கவனம் நிற்காமை, நடமாட்டத்தில் மந்தம் அல்லது நிலைகொள்ளாமை, சாவைப் பற்றிய எண்ணம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. நான்கு வரை பொருட்படுத்த வேண்டாம். 5-இல் இருந்து லேசானது, 10-இல் இருந்து மிதமானது, 15-இல் இருந்து சற்றுக் கடுமையானது, 20-இல் இருந்து கடுமையானது. கடைசியில் எண் போடாத பத்தாவது கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தொல்லைகளால் வேலை, வீடு, பிறரோடு பழகுவது எவ்வளவு சிரமமாகிறது? மதிப்பெண்ணில் சேராது என்பதால் பலர் அதை வெட்டிவிட்டு அச்சடிக்கிறார்கள். வெட்டாதீர்கள். 12 வாங்கியவர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாரா, படுத்தே கிடக்கிறாரா என்று சொல்வது அந்த வரிதான்.

துல்லியம் எப்படி? 10-ஐ எல்லையாக வைத்தால், மூல ஆய்வில் நோயுள்ளவர்களில் 88 சதவீதம் பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் 88 சதவீதம் பேரைச் சரியாக விலக்கியது. 2019-இல் பி.எம்.ஜே. இதழில் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பாய்விலும் மருத்துவர் நேர்காணலோடு ஒப்பிட்டபோது 88, 85 என்றே வந்தது. ஒரு தாளுக்கு இது நல்ல தேர்ச்சி. ஆனால் இந்த இரண்டு எண்ணையும் பார்த்து மகிழ்ந்துவிட்டு அடுத்த கணக்கைப் போடாமல் விடுவதுதான் நம் ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் (தமிழ்நாடும் அதில் உண்டு) அப்போது மனச்சோர்வு நோய் இருந்த பெரியவர்கள் 2.7 சதவீதம். ஓர் ஊரில் 1,000 பேரிடம் பிஎச்கியூ-9 கேட்டால், நோயுள்ள 27 பேரில் 24 பேர் 10 அல்லது அதற்கு மேல் வாங்கி எல்லையைத் தாண்டுவார்கள். நோய் இல்லாத 973 பேரில் 15 சதவீதம், அதாவது 146 பேரும் தாண்டுவார்கள். ஆக 170 பேர் தேறியதில் உண்மையான நோயாளிகள் 24. ஏழு பேருக்கு ஒருவர். அதே தாளை நூறில் இருபது பேருக்கு நோய் இருக்கிற ஒரு வெளிநோயாளிப் பிரிவில் கொடுத்தால், தாண்டியவர்களில் பாதிக்கு மேல் உண்மையான நோயாளிகளாக இருப்பார்கள். தாள் ஒன்றுதான், இடம் மாறுகிறது.

இதனால்தான் "எங்கள் ஊரில் மனச்சோர்வு இத்தனை சதவீதம்" என்று பிஎச்கியூ-9-ஐ மட்டும் வைத்து எழுதக் கூடாது. முறையான நோய்கண்டறி நேர்காணலில் 12 சதவீதம் வருகிற இடத்தில் இந்தத் தாள் கிட்டத்தட்ட 25 சதவீதம் காட்டுகிறது என்று 2020-இல் ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டுச் சொன்னது. சென்னையிலேயே சான்று உண்டு. நீரிழிவு ஆய்வுக்காக நடந்த க்யூர்ஸ் கணக்கெடுப்பில் இதே தாளை 12 கேள்வியாக மாற்றி 25,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். 15.1 சதவீதம் என்று 2009-இல் வெளியானது. தேசியக் கணக்கெடுப்பு 'மினி' என்ற நேர்காணலைப் பயன்படுத்தியது. இரண்டில் ஒன்று பொய் என்று பொருளல்ல. ஒன்று அறிகுறிகளின் சுமையை அளக்கிறது, மற்றது நோயை எண்ணுகிறது. சல்லடையில் தங்கியதையெல்லாம் நெல் என்று எழுதிவிடக் கூடாது, அவ்வளவுதான். எல்லையைத் தாண்டியவர்கள் எல்லோரையும், தாண்டாதவர்களில் ஒரு பகுதியினரையும் நேர்காணலுக்கு உட்படுத்தும் இரண்டுகட்ட முறைக்கு நிதி இல்லையென்றால், அறிக்கையில் "10 அல்லது அதற்கு மேல் பெற்றவர்கள்" என்று மட்டும் எழுதுங்கள். (கிரான்பாக் ஆல்ஃபா 0.85 வந்துவிட்டது, ஆகவே கருவி செல்லும் என்று எழுதுகிறவர்களுக்கு: ஆல்ஃபா கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைச் சொல்லும். நோயைப் பிடிக்கிறதா என்று சொல்லாது.)

இனி கேட்கும் முறை. தாள் முதலில் நோயாளி தானே நிரப்புவதற்காக எழுதப்பட்டது. அச்சில் உள்ள தமிழ் வடிவம் எழுத்து நடையில் இருக்கும், அப்படியே ஒப்பித்தால் எதிரில் இருப்பவர் தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். வாய்மொழியாகக் கேட்பதென்றால் குழு முழுவதும் ஒரே பேச்சு வடிவத்தை எழுதி வைத்து அதையே கேட்க வேண்டும். ஆளுக்கொரு விதமாக விளக்கம் சொன்னால் யார் கேட்டார் என்பதைப் பொறுத்து மதிப்பெண் மாறும். வாரம் ஒருமுறை பணியாளர் வாரியாகச் சராசரி எடுத்துப் பாருங்கள். ஒருவருடையது மட்டும் தனியே ஏறியோ இறங்கியோ நின்றால் அவர் கேட்கும் விதத்தில் ஏதோ இருக்கிறது.

அதிகம் சறுக்குகிற இடம் கேள்விகள் அல்ல, விடைகள். "சில நாட்கள்", "பாதிக்கு மேற்பட்ட நாட்கள்", "கிட்டத்தட்ட தினமும்" என்ற மூன்றும் காதால் கேட்கிறவருக்குக் கரைந்து ஒன்றாகிவிடும். "ஆமா, இருக்கு" என்பார். அது 1-ஆ 3-ஆ? பதினான்கு கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வாரத்துக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு கட்டம். தொடங்கும் நாளை ஊருக்குத் தெரிந்த ஒன்றோடு கட்டுங்கள்: போன சந்தைக்கு முந்தின சந்தை, கோயில் கொடை, ரேஷன் போட்ட நாள். "இந்தப் பதினாலு நாள்ல எத்தனை நாள் அப்படி இருந்துச்சு?" என்று எண்ணாகவே கேளுங்கள். 0 அல்லது 1 நாள் என்றால் 0. 2 முதல் 6 வரை 1. 7 முதல் 11 வரை 2. 12 முதல் 14 வரை 3. அமெரிக்காவின் தொலைபேசிச் சுகாதாரக் கணக்கெடுப்பில் நாட்களாகக் கேட்டு இப்படித்தான் மாற்றினார்கள். இப்படிச் செய்ததை ஆய்வுமுறைப் பகுதியில் குறிப்பிட மறக்கக் கூடாது.

அடுத்து, காரணம் தேடும் ஆசை. "கொசுக்கடியில தூக்கம் வரல" என்றால் பணியாளர் தானே முடிவு செய்து 0 போட்டுவிடுவார். தாள் காரணத்தைக் கேட்பதே இல்லை. அறிகுறி இருந்தால் குறிக்க வேண்டும், காரணத்தைப் பிரிப்பது பிறகு மருத்துவரின் வேலை. அதற்காகத்தான் சமீபத்திய துக்கம், முன்பு எப்போதாவது மிதமிஞ்சிய உற்சாக நிலை, உடல்நோய், மருந்தின் விளைவு ஆகியவற்றை விலக்கிய பிறகே நோய் என்று முடிவு செய்யச் சொல்கிறார்கள். ரத்தசோகை, தைராய்டு குறைவு, காசநோய், கட்டுக்குள் இல்லாத சர்க்கரை ஆகியவற்றில் களைப்பு, பசி, தூக்கம் மூன்றும் எளிதாக 3, 3, 3 வாங்கிவிடும். மொத்தம் 9, இன்னும் ஒன்று சேர்ந்தால் எல்லை தாண்டியாயிற்று. அதனால் மொத்தத்தை மட்டும் சேமிக்காமல் ஒன்பது விடைகளையும் தனித்தனியே சேமியுங்கள். முதல் இரண்டு கேள்வியும் 0, மற்றவை எகிறியிருக்கிறது என்றால் முதலில் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவது புத்திசாலித்தனம்.

பசிக் கேள்வியில் "சாப்பிடலையா?" என்று கேட்டால் விரதம் இருப்பவரும், வீட்டில் அரிசி இல்லாதவரும் ஆமாம் என்பார்கள். கேட்க வேண்டியது பசி எடுக்கிறதா, அல்லது அளவுக்கு மேல் தின்னத் தோன்றுகிறதா என்பது. ஆறாவது கேள்விக்கு "மாமியார் அப்படித்தான் சொல்றாங்க" என்று பதில் வரும். "உங்களுக்கே அப்படித் தோணுதா?" என்று திருப்ப வேண்டும். ஏழாவதில் செய்தித்தாளும் டிவியும் எடுத்துக்காட்டாக இருக்கின்றன. படிக்காதவருக்கு ஒருவர் பேசுவதைக் கேட்பது, சில்லறை எண்ணுவது, அடுப்பில் வைத்ததைக் கவனிப்பது என்று மாற்றலாம், ஆனால் எல்லோருக்கும் ஒரே மாற்றாக இருக்கட்டும். எட்டாவதில் "மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்கு" என்ற பகுதியை நீளம் கருதி விழுங்கிவிடுகிறார்கள். அது போனால் அந்தக் கேள்வியே களைப்புக் கேள்வியின் நகலாகிவிடும்.

எங்கே உட்கார்ந்து கேட்கிறோம் என்பது பாதி விஷயம். திண்ணையில், பக்கத்து வீட்டுப் பெண்கள் சூழ்ந்திருக்க, இந்தத் தாளைத் திறக்கவே வேண்டாம். முதல் ஐந்து கேள்விக்கு விடை வரும், ஆறில் இருந்து வரிசையாக 0. இரண்டு பேராகப் போய், ஒருவர் வீட்டாரிடம் குடும்ப விவரம் எழுதிக்கொண்டிருக்க, மற்றவர் தள்ளி உட்கார்ந்து கேட்பது வேலைக்கு ஆகும். தாளின் தலைப்பில் "மனச்சோர்வு" என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்காதீர்கள், "உடல்நலம் பற்றிய கேள்விகள்" போதும்.

டேப்லெட்டில் ஏற்றுகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. விடைகளுக்கு 1, 2, 3, 4 என்று எண் கொடுத்துவிட்டால் மொத்தம் 9-இல் தொடங்கி 36-இல் முடியும், கிட்டத்தட்ட எல்லோரும் நோயாளியாவார்கள். சிரிப்பாக இருக்கிறது, ஆனால் மென்பொருள் தானாகத் தரும் வரிசை எண்ணை அப்படியே விட்டால் நடப்பது இதுதான். இரண்டாவது, எல்லாக் கேள்வியையும் கட்டாயமாக்கினால் சொல்ல விரும்பாதவருக்குப் பணியாளர் 0 போட்டு நகர்வார். "பதில் சொல்லவில்லை" என்ற தெரிவு வேண்டும். ஒன்றிரண்டு விடுபட்டிருந்தால் மற்றவற்றின் சராசரியை இட்டு மொத்தம் போடலாம், மூன்று விடுபட்டால் மொத்தம் போடக் கூடாது. மூன்றாவது எச்சரிக்கை ஒன்பதாவது கேள்வியைப் பற்றியது, அதற்குத் தனி இடம் வேண்டும்.

செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னை ஏதாவது செய்துகொள்ள வேண்டும் என்றோ எண்ணம் வந்ததா என்று அது கேட்கிறது. இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பணியாளர்கள் பயப்படுவார்கள். கேட்பதால் எண்ணம் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. கீழே பார்த்துக்கொண்டு, "அந்த மாதிரியெல்லாம் ஒன்னும் இல்லைல்ல?" என்று முடிப்பதுதான் கெடுதல். அப்படிக் கேட்டால் இல்லை என்றே பதில் வரும். மற்ற எட்டைக் கேட்ட அதே குரலில் கேட்க வேண்டும்.

மொத்தம் 3-ஆக இருந்தாலும், இந்த ஒரு கேள்வியில் 1 வந்தால் அங்கேயே படிவத்தை மூட வேண்டும். அடுத்து நான்கு கேள்வி: இன்றைக்கும் அந்த எண்ணம் இருக்கிறதா? எப்படி என்று யோசித்திருக்கிறாரா? அதற்கான பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? முன்பு முயன்றிருக்கிறாரா? "சாமி என்னை எடுத்துக்கிட்டா நல்லது" என்கிற முதியவரும், திட்டத்தோடு இருப்பவரும் தாளில் ஒரே 1 வாங்கக் கூடும். பிரித்துக் காட்டுவது இந்த நான்கும்தான். திட்டமோ முந்தைய முயற்சியோ இருந்தால் அவரைத் தனியே விட்டு வரக் கூடாது. மேற்பார்வையாளரை அங்கிருந்தே அழைத்து, பதில் சொன்னவரின் சம்மதத்தோடு நம்பிக்கையான ஒருவரை உடன் வைத்து, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ அன்றைக்கே சேர்க்க வேண்டும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அதை அப்புறப்படுத்துவது முதல் வேலை. காட்டுமன்னார்கோவில் பக்கத்துச் சிற்றூர்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான இடத்தில் பூட்டி வைக்கும் முறையைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கைக்கு எட்டாத தூரம் உயிரைக் காக்கும் என்பதுதான் அதன் அடிப்படை. உதவி எண்களான தமிழ்நாட்டின் 14416, 104 இரண்டையும், இலங்கையின் 1926-ஐயும் சீட்டில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுங்கள். 1 வாங்கியவருக்கு மட்டும் கொடுத்தால் அது ஊருக்கே தெரிந்துவிடும்.

ஒப்புதல் படிவத்தில் "சொல்வதெல்லாம் ரகசியம்" என்று மொட்டையாக எழுதிவிட்டுப் பிறகு உறவினருக்குத் தகவல் சொன்னால் வாக்கு மீறலாகும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் உதவிக்கு ஆளைச் சேர்ப்போம் என்று முதலிலேயே இருக்க வேண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் இன்னும் ஊர்களில் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. பணியாளருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஏற்பாடு எதுவும் முடியாது என்றால் ஒன்பதாவதை எடுத்துவிட்டு பிஎச்கியூ-8 போடுங்கள். எல்லை அதே 10-தான். பெயர், தொலைபேசி எண் இல்லாத கூகுள் படிவத்தில் ஒன்பதாவது கேள்வியை வைப்பது சரியே அல்ல. நள்ளிரவில் ஒரு மாணவி 3 அழுத்திவிட்டுப் போவார், ஆய்வு வழிகாட்டிக்கு அது தெரிவது தரவைப் பிரிக்கிற மாதத்தில். நெறிமுறைக் குழுக்கள் இதை இன்னும் கறாராகக் கேட்கலாம்.

சிகிச்சையின் பலனைத் தொடர்ந்து பார்க்க இந்தத் தாள் மிக நன்றாக உழைக்கும், என் கணக்கில் அதன் உண்மையான பலம் இங்கேதான். 5 புள்ளி குறைந்தால் பொருட்படுத்தத்தக்க மாற்றம். பாதியாகக் குறைந்தால் சிகிச்சை வேலை செய்கிறது, 5-க்குக் கீழே வந்தால் தெளிந்த நிலை. ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் "முன் 17, பின் 9" என்று எழுதி வெற்றி கொண்டாடாதீர்கள். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சங்கத் அமைப்பு நடத்தி 2017-இல் லான்செட்டில் அச்சான சோதனை நல்ல பாடம். 15-க்குக் குறையாமல் பெற்ற 495 பேரைச் சேர்த்து, ஒரு பாதிக்கு மருத்துவர் அல்லாத ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வு கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் 10-க்குக் கீழே இறங்கினார்கள். ஆலோசனை பெறாமல், சற்று மேம்படுத்திய வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களிலும் 39 சதவீதம் பேர் இறங்கினார்கள். அதிகம் வாங்கியவர்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் அடுத்த முறை எண் கொஞ்சம் தானாகவே இறங்கும், காலமும் கொஞ்சம் ஆற்றும். அந்த 39-ஐக் கழிக்காமல் கணக்கு நிற்காது.

மாற்றுப் பொருள்கள் சுருக்கமாக. நேரம் மிகக் குறைவென்றால் முதல் இரண்டு கேள்வி மட்டும் உள்ள பிஎச்கியூ-2. 6-க்கு 3 அல்லது அதற்கு மேல் வந்தால் முழுத்தாளைக் கேளுங்கள். பிரசவித்த தாய்மார்களுக்கு 1987-இல் வந்த எடின்பரோ அளவுகோல் மேல். கைக்குழந்தை உள்ளவரிடம் தூக்கத்தையும் களைப்பையும் கேட்டு எண் போடுவதில் பொருளில்லை என்று உடல் அறிகுறிகளைப் பெரும்பாலும் தவிர்த்தே அதை அமைத்தார்கள். அதில் இரண்டு வாரம் அல்ல, ஏழு நாள். சில கேள்விகளுக்கு மதிப்பெண் தலைகீழ், கூட்டும்போது கவனம். முதியவர்களுக்கு ஆம்-இல்லை என்று பதினைந்தே கேள்வி உள்ள முதியோர் மனச்சோர்வு அளவுகோல் எளிது. நினைவு தடுமாறுகிறவரிடம் இரண்டு வாரத்தை எண்ணச் சொல்லும் எந்தத் தாளும் உதவாது, உடனிருந்து பார்த்துக்கொள்கிறவரிடமும் பேச வேண்டியிருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையம், சர்க்கரை நோய்ப் பிரிவு, காசநோய்ப் பிரிவு, ஆலோசனை மையம் ஆகிய இடங்களில், அடுத்து அனுப்ப ஒரு மருத்துவர் இருந்தால், தயங்காமல் எடுக்கலாம். வீடு வீடாகக் கணக்கெடுக்க இரண்டாம் கட்ட நேர்காணலுக்கும் சேர்த்து நிதி கேளுங்கள். பயிற்சியின் இரண்டு நாளில் ஒரு முழு நாளை ஒன்பதாவது கேள்விக்கும் அதற்குப் பின் வரும் நான்குக்கும் ஒதுக்குங்கள், ஒருவரை ஒருவர் கேட்டு நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். தயங்காமல் கேட்கப் பழகாதவரைக் களத்துக்கு அனுப்ப வேண்டாம், தரவு உள்ளிடும் வேலையைக் கொடுங்கள்.